பிள்ளைப் பருமனும் குடும்பப் பங்கேற்பும்: மாத்தளைத் தோட்டப்புறம் குறித்து ஒரு நோக்கு

பிள்ளைகளின் மிகைப்பருமனைக் குறைக்க முனையும் திட்டங்கள் யாவும் ‘குடும்பப் பங்கேற்பை’ வலியுறுத்துகின்றன. குடும்பம் என்று யாரைக் கருதுகின்றோம் என்பதே நாம் எழுப்பும் வினா. நடைமுறையில் அச்சொல் தாயை மட்டுமே சுட்டுகின்றது. எல்கடுவ, இரத்தோட்டைப் பகுதித் தோட்டங்களில் தாய் காலையிலேயே கொழுந்து பறிக்கச் சென்றுவிட, ரொட்டியும் சீனி மிகுந்த தேநீரும் கொடுப்பவள் பெரும்பாலும் பாட்டியே. 1970களின் நடுப்பகுதியில் உணவின்றித் தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்ததை அவள் தலைமுறை மறக்கவில்லை. அவளுக்குக் கொழுத்த பிள்ளை நோயாளியன்று. பசி நீங்கியதன் சான்று.

அவ்வச்சம் ஆதாரமற்றதுமன்று. 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார மதிப்பாய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் உயரம் குன்றியோர் நாடளாவிய நிலையில் 17 சதவீதம். தோட்டத்துறையிலோ ஏறத்தாழ 32 சதவீதம். குன்றிய பிள்ளைக்கு எடை ஏறினால் ‘தேறிவிட்டது’ என்றே வீட்டார் மகிழ்வர். உயரத்தோடு ஒப்பிட்டாலன்றி உண்மை புலப்படாது.

மென்பானங்களின் சீனியளவைக் காட்டும் நிற அடையாளம் 2016இல் வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற்படின் சிவப்பு. அதைப் பள்ளிப் பிள்ளை எளிதில் அறியும்; கடையிற் கணக்கு வைத்திருப்பவரோ தந்தை. 2011இல் தொடங்கிய ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களும் வளர்ந்தோரை நோக்கியே அமைந்தவை.

வேலைநாளிற் கூட்டம் வைத்துத் தாயின் ஒருநாட் சம்பளத்தை இழக்கச்செய்துவிட்டு, ‘பெற்றோருக்கு அக்கறையில்லை’ என்று எழுதுவது வர்க்கப் பார்வையற்ற ஆய்வு. மாலைவேளையில், பிள்ளைமடுவத்தில், பாட்டியையும் தந்தையையும் இருத்திப் பேசலாம். சோற்றைக் குறைக்கச் சொல்லாது, தேநீர்ச் சீனியிலிருந்து பேச்சைத் தொடங்கினால் அவள் செவிசாய்ப்பாள்.