சோழவரம் முதல் இருங்காட்டுக்கோட்டை வரை: கார் பந்தயத்தில் பெண்களின் இடம்

சென்னையிலிருந்து செங்குன்றம், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு ஏரிக்கரையின் மீனவ ஊர்களுக்குச் செல்வோர் கடந்துபோகும் சோழவரம், இன்று பெரும்பாலோருக்குத் தலைநகரின் குடிநீர் ஏரிகளுள் ஒன்றாகவே தெரியும் என்றாலும், இந்தியக் கார் பந்தய வரலாற்றில் அவ்வூருக்குத் தனியிடம் உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுபாதை அங்கே பயனின்றிக் கிடந்ததால், 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதனையே பந்தயத் தடமாக்கிக் கொண்டது. 1980களின் இறுதிவரை அங்கு நடந்த பந்தயங்களைக் காணப் பெருங்கூட்டம் திரண்டது. 1990இல் அக்கழகம் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள நிலையான தடம் ஒன்றை அமைத்துக்கொண்டது. இந்தியாவிலிருந்து ஃபார்முலா 1 பந்தயத்தில் கார் ஓட்டியவர்கள் இதுவரை இருவரே. 2005இல் ஓட்டிய கோவையின் நரேன் கார்த்திகேயனும், 2010இல் ஓட்டிய சென்னையின் கருண் சந்தோக்கும். இருவருமே தமிழ்நாட்டவர். எழுபது ஆண்டுக்கால மரபும் இரண்டு உலகத்தர ஓட்டுநர்களும் உள்ள இம்மண்ணிலிருந்து ஒரு பெண் ஏன் இன்னும் அந்த உயரத்தை எட்டவில்லை என்னும் கேள்வி, உலக மோட்டார் பந்தயத் துறையே தன்னைத் தானே கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வியின் ஒரு பகுதியாகும்.

பெண்களால் இயலாது என்பதே விடை என்று கருதுவோர், 2019 பிப்ரவரியில் இருங்காட்டுக்கோட்டையில் நடந்ததை அறிந்துகொள்வது நல்லது. திருவொற்றியூரில் 1946இல் பலூன் செய்யும் சிறு பட்டறையாகப் பிறந்து டயர் உற்பத்தியில் வளர்ந்த எம்.ஆர்.எஃப். நிறுவனம் நடத்திவந்த எம்.ஆர்.எஃப். சேலஞ்ச் என்னும் தொடரில், எல்லா ஓட்டுநர்களுக்கும் ஒரே வகைக் கார்களே கொடுக்கப்பட்டன. காரின் உடற்கூடு இத்தாலியின் டல்லாரா நிறுவனத்தினுடையது. பிற்காலத்தில் ஃபார்முலா 1ஐ எட்டிய மிக் ஷூமாக்கர் போன்றோர் இளமையில் பழகிய தொடர் அது. துபாய், பஹ்ரைன் சுற்றுகளைக் கடந்து சென்னையில் முடிவுற்ற 2018-19 பருவத்தின் பட்டத்தை ஆண்களோடு போட்டியிட்டு வென்றவர் ஜேமி சாட்விக் என்னும் இருபது வயது பிரிட்டிஷ் பெண். கார் ஒன்று, தடம் ஒன்று, விதி ஒன்று என்று அனைத்தும் சமமாக வைக்கப்பட்ட இடத்தில் கிடைத்த இவ்வெற்றி, திறமையைப் பற்றிய ஐயத்துக்குத் தெளிவான மறுமொழி. ஆனால் அவருக்கு அதன்பின் நேர்ந்ததுதான் இத்துறையின் உண்மையான தடை எது என்பதைக் காட்டுகிறது. பெண்களுக்கென்றே தொடங்கப்பட்ட டபிள்யூ சீரிஸ் தொடரின் பட்டத்தை 2019, 2021, 2022 ஆகிய மூன்று பருவங்களிலும் அவரே வென்றார். 2020இல் பெருந்தொற்றால் போட்டிகள் நடக்கவில்லை. மூன்று முறை வாகை சூடிய பிறகும், ஃபார்முலா 1க்கு நேர் கீழ்ப்படிகளான ஃபார்முலா 3, ஃபார்முலா 2 தொடர்களில் அவருக்கு ஓர் இருக்கை அமையவில்லை. அவர் அமெரிக்காவுக்குப் பெயர்ந்து, அங்குள்ள இண்டி நெக்ஸ்ட் தொடரில் சேர்ந்து, 2024இல் ஒரு பந்தயத்தை வென்றார்.

உலக வரலாறும் இதே கதையைத்தான் நீளமாகச் சொல்கிறது. 1950இல் தொடங்கிய ஃபார்முலா 1 உலகப் போட்டியில் பெயர் பதிந்த பெண்கள் ஐவர். அவர்களுள் பந்தயத்தில் உண்மையாகவே புறப்பட்டவர்கள் இருவர், இருவருமே இத்தாலியர். மரியா தெரேசா தெ ஃபிலிப்பிஸ் 1958இல் பெல்ஜியப் பந்தயத்தைப் பத்தாவதாக முடித்தார். லெல்லா லொம்பார்டி 1975இல் பார்சிலோனாவின் மோன்ஜுயிக் தடத்தில் ஆறாவதாக வந்தார். விபத்தொன்றால் அப்பந்தயம் பாதியில் நிறுத்தப்பட்டு எல்லோருக்கும் பாதிப் புள்ளிகளே வழங்கப்பட்டதால், அவருக்குக் கிடைத்தது அரைப் புள்ளி. ஃபார்முலா 1இல் இன்றுவரை ஒரு பெண் பெற்ற புள்ளி அவ்வளவே. லொம்பார்டி 1976இல் கடைசியாகப் புறப்பட்ட பிறகு அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. 1992இல் ஜியோவன்னா அமாத்தி மூன்று முறை முயன்றும் தகுதிச் சுற்றைத் தாண்டவில்லை. ஆனால் இதே காலத்தில் பிற வகைப் பந்தயங்களில் நிகழ்ந்தவை வேறு. பொதுச் சாலைகளிலும் மண்பாதைகளிலும் நேரத்தோடு போட்டியிட்டு ஓட்டும் ராலி பந்தயத்தில், பிரான்சின் மிஷேல் மூத்தோன் 1982இல் உலகப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றார். ஜெர்மனியின் யூட்டா க்ளைன்ஷ்மிட் 2001இல் டக்கார் ராலியையே வென்றார். அமெரிக்காவின் டானிகா பேட்ரிக் 2008இல் ஜப்பானில் நடந்த இண்டி கார் பந்தயத்தில் முதலாவதாக வந்தார்.

உடல் வலிமையைப் பற்றிய வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் கூடாது, அப்படியே ஏற்றுக்கொள்ளவும் கூடாது. வேகமாக வளைவில் திரும்பும் ஃபார்முலா 1 காரில் ஓட்டுநரின் மீது புவியீர்ப்பைப் போல் ஐந்து மடங்கு வரை பக்கவாட்டு விசை செயல்படுகிறது. இதனை ஜி-விசை என்பர். தலையும் தலைக்கவசமும் சேர்ந்து ஐந்து மடங்கு கனத்துப் பக்கவாட்டில் இழுபடும்போது, கழுத்துத் தசைகள்தாம் அதைத் தாங்கி நிற்க வேண்டும். வேகத்தைக் குறைக்கும்போதோ பிரேக் மிதியை நூறு கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு அழுத்த வேண்டும். இவை பயிற்சியால் பெறக்கூடியவை என்பதை மேற்சொன்ன பெண்கள் காட்டியுள்ளனர். கவனிக்கப்படாத செய்தி இன்னொன்று உண்டு. ஃபார்முலா 1 காரில் ஸ்டியரிங்கைத் திருப்ப உதவும் பவர் ஸ்டியரிங் இருக்கிறது. அதற்குக் கீழ்ப்படிகளான ஃபார்முலா 2, ஃபார்முலா 3 கார்களில் அது இல்லை. மேலுள்ள படியைவிட அதிகக் கைவலிமையை அதற்குக் கீழுள்ள படி கேட்கிறது என்றால், அது விளையாட்டின் இயல்பிலிருந்து வந்த தேவையன்று, காரை வடிவமைத்தவர்களின் தேர்வு. ஸ்டியரிங் சக்கரத்தின் பருமனும் மிதிகளின் தொலைவும் இருக்கையின் அகலமும் ஆண் உடலின் சராசரி அளவை வைத்தே தொடங்குகின்றன. மாற்றக்கூடிய ஒரு பொறியியல் முடிவை இயற்கையின் விதியாகப் பேசிவருவது பெண்களுக்கு இழைக்கப்படும் பெரிய அநீதி.

எனினும் உடலைவிடப் பெரிய தடைகள் எண்ணிக்கையும் பணமும்தான். பந்தய ஓட்டுநரின் வாழ்க்கை ஏழெட்டு வயதில் கார்ட்டிங்கில் தொடங்குகிறது. கார்ட் என்பது மேற்கூடும் தொங்கமைப்பும் இல்லாமல், தரையை ஒட்டி ஓடும் சிறிய பந்தய வண்டி. பதினைந்து வயதில் ஃபார்முலா 4, பிறகு ஃபார்முலா 3, ஃபார்முலா 2 என்று ஏறி, மூன்றாண்டுகளில் நாற்பது புள்ளிகள் சேர்த்தால்தான் சூப்பர் லைசென்ஸ் என்னும் ஃபார்முலா 1 உரிமம் கிடைக்கும். உச்சியில் இருபது, இருபத்திரண்டு இருக்கைகளே உள்ளன; அவற்றுக்காக உலகெங்கும் ஆயிரக்கணக்கான சிறுவர்கள் கார்ட் ஓட்டுகிறார்கள். மோர் தான் ஈக்வல் என்னும் அமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, மோட்டார் பந்தயத்தில் பங்கேற்போருள் பெண்கள் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கினரே. அடித்தளம் இவ்வளவு குறுகலாக இருக்கும்போது உச்சியில் பெண்ணைத் தேடுவது வீண். ஒவ்வொரு படிக்கும் ஆகும் செலவோ லட்சங்களில் தொடங்கிக் கோடிகளுக்குச் செல்கிறது. அதைத் தாங்கும் குடும்பங்கள் மகனுக்காகச் செலவிடும் அளவுக்கு மகளுக்காகச் செலவிடுவதில்லை.

இவ்விடத்தில் பழவேற்காட்டு மீனவர்களின் பாடு முறையை நினைத்துப் பார்ப்பது பொருத்தம். ஏரியின் முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இறால் பிடிக்கும் இடங்கள் யாருக்கும் நிலையாகச் சொந்தமில்லை; அவற்றில் வலை கட்டும் உரிமை சீட்டுக் குலுக்கியும் முறை வைத்தும் தலைக்கட்டுகளுக்கு இடையே சுழன்று வருவதால், பணமுள்ளவர் சிறந்த இடத்தை வளைத்துப்போட வழியில்லை. ஆனால் அந்த உரிமை தந்தையிடமிருந்து மகனுக்கே செல்கிறது. பெண்ணுக்குப் பாடு கிடையாது. பனையோலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, இடுப்பளவு நீரில் அமர்ந்து சேற்றைத் தடவி இறாலைப் பிடிக்கும் இருளர் பெண்கள் அந்த முறைக்கு வெளியே நின்றே பிழைக்கிறார்கள். மோட்டார் பந்தயத்தில் இதற்கு நேர் மாறாக, பெண் கூடாது என்று எந்த விதியும் கிடையாது. ஆனால் இடம் சுழன்று வருவதில்லை, விலைக்கே வருகிறது. தந்தை வழி உரிமை மட்டும் இரண்டிலும் பொதுவாக உள்ளது. கருண் சந்தோக்கின் தாத்தா இந்து சந்தோக் சென்னைப் பந்தயக் கழகத்தை உருவாக்கியவர்களுள் ஒருவர். நரேனின் தந்தை ஜி.ஆர். கார்த்திகேயன் ராலி வீரர். தேசியப் பந்தய வாகை வென்ற முதல் இந்தியப் பெண் என்று மத்திய அரசால் 2018இல் சிறப்பிக்கப்பட்ட சென்னையின் அலிஷா அப்துல்லாவும், மோட்டார்சைக்கிள் பந்தய வீரர் ஆர்.ஏ. அப்துல்லாவின் மகளே. அவரவர் உழைப்பைக் குறைத்துச் சொல்வதற்காக அன்று, வாய்ப்பு எந்த வாசல் வழியே வந்தது என்பதைக் காட்டவே இங்கு இது குறிக்கப்படுகிறது.

டபிள்யூ சீரிஸ் தொடரின் சிறப்பு இந்த வாசலை மாற்றியதில்தான் இருந்தது. அதில் சேரக் கட்டணம் இல்லை. தேர்வில் வென்றால் போதும். கார்களெல்லாம் தொடரை நடத்துவோருக்கே சொந்தமாக இருந்ததோடு, முதல் பருவத்தில் ஒரே கார் ஒருவரிடமே நிற்காமல் சுற்றுக்குச் சுற்று கைமாறியது. நல்ல கார் யாருடையது என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. முதலீடு வற்றியதால் 2022இல் மூன்று பந்தயங்கள் மீதமிருக்கும்போதே அது நின்றது. அதன் இடத்தில் 2023இல் ஃபார்முலா 1 நிறுவனமே தொடங்கிய எஃப்1 அகாடமி, முன்னாள் ஓட்டுநர் சூசி வோல்ஃபின் தலைமையில் உறுதியாக நடந்துவருகிறது. ஃபார்முலா 1 அணிகள் ஒவ்வொன்றும் ஒரு பெண்ணை ஆதரிக்கின்றன. ஆனால் தொடங்கிய ஆண்டில் ஒவ்வொரு ஓட்டுநரும் 1,50,000 யூரோ, அதாவது 1 கோடியே 30 லட்ச ரூபாய்க்கு மேல், தம் பங்காகக் கொண்டுவர வேண்டியிருந்தது. அதே அளவு தொகையை நிறுவனம் சேர்த்தது. 2024இல் இதன் பட்டத்தை வென்ற அபி புல்லிங், அதே ஆண்டில் ஆண்களோடு ஓட்டிய பிரிட்டிஷ் ஃபார்முலா 4 தொடரிலும் ஒரு பந்தயத்தை வென்று, அத்தொடரில் வென்ற முதல் பெண்ணானார். பெண்களுக்கான தனித்தொடர் அவர்களைத் தனியே ஒதுக்கிவைக்கும் என்ற அச்சத்துக்கு இப்படிப் பொதுத்தொடருக்குக் கடந்துசெல்வதே மருந்து. தனித்தொடரின் பயன், அதிலிருந்து எத்தனை பேர் பொதுத்தொடருக்குள் நுழைகிறார்கள் என்பதைக் கொண்டே மதிக்கப்பட வேண்டும்.

இந்தியாவில் நிலைமை நம்பிக்கை தருவதாகவும் வருத்தம் தருவதாகவும் ஒருங்கே உள்ளது. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாள்களில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் சாலைத் தடத்தில் இரவுப் பந்தயம் நடந்தபோது, அதில் ஓடிய இந்தியன் ரேசிங் லீக்கின் ஒவ்வோர் அணியிலும் ஒரு பெண் ஓட்டுநர் இருக்க வேண்டும் என்பது விதியாக இருந்தது. உலகின் பெரிய தொடர்கள் பலவற்றிலும் காணக் கிடைக்காத துணிவான விதி அது. ஆனால் அந்த இருக்கைகளில் பெரும்பாலும் அமர்ந்தவர்கள் வெளிநாட்டுப் பெண்கள். இருக்கை தயாராக இருந்தும் அதில் அமர இங்கு ஆள் தயாராகவில்லை. வடோதராவின் மீரா எர்டா, விமானியாகவும் பணிபுரிந்த ஸ்நேகா ஷர்மா போன்ற சிலர் ஃபார்முலா வகைக் கார்களில் ஓட்டிப் பெயர் பெற்றாலும், அவர்களுக்குப் பின்னால் வரிசை நீளவில்லை. கார்ட்டிங்கில் ஓட்டிவரும் ஆத்திகா மிர் என்னும் சிறுமி 2025இல் எஃப்1 அகாடமியின் ஆதரவுத் திட்டத்தில் சேர்க்கப்பட்ட முதல் இந்தியரானார். அவரும் ஐக்கிய அரபு அமீரகத்தில் இருந்து பழகுபவர்.

2023 முதல் பன்னாட்டு மோட்டார் பந்தயக் கூட்டமைப்பின் ஏற்போடு ஃபார்முலா 4 இந்தியத் தொடர் நடக்கிறது. சூப்பர் லைசென்ஸுக்கான புள்ளிகளின் முதற்படி இப்போது உள்ளூரிலேயே உள்ளது. இருங்காட்டுக்கோட்டை வளாகத்தில் கார்ட்டிங் தடமும் அமைந்திருக்கிறது. அப்படியிருந்தும் குறை அதற்குக் கீழே, எட்டு வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில்தான். பதக்கம் வென்ற பிறகு வழங்கப்படும் ஊக்கத்தொகை இந்த வயதினருக்கு எட்டாது. பணம் தீர்ந்து கார்ட்டிங்கை விடும் சிறுமி பதக்கம் வரை வருவதே இல்லை. பந்தயக் கழகங்களோ அரசோ சொந்தமாக வைத்திருக்கும் பொதுக் கார்ட்டுகளைக் குலுக்கல் முறையில் சிறுமிகளுக்கு ஒதுக்கி, பொருத்தமான அளவில் இருக்கையும் மிதிகளும் அமைத்து, ஒரு பருவம் முழுவதும் கட்டணமின்றி ஓட்டவிடுவது, தீவுத்திடலில் ஒரு வார இறுதிக்காகச் சாலை அமைத்த மாநிலத்துக்குப் பெருஞ்செலவாகாது. சென்னைக்கு வடக்கே, சோழவரத்துக்கும் பழவேற்காட்டுக்கும் இடைப்பட்ட ஊர்களின் குழந்தைகள் எட்டிப்பிடிக்கும் தொலைவில் அப்படியொரு தடம் இன்று கிடையாது. இருங்காட்டுக்கோட்டைக்குப் போக அவர்கள் நகரத்தையே சுற்றிக் கடக்க வேண்டும். பழைய பந்தயங்கள் நடந்த சோழவரம் பகுதியிலேயே சிறிய கார்ட்டிங் தடம் ஒன்றை அமைத்து, அதன் முதல் பருவத்து வண்டிகளுள் பாதியைப் பெண் குழந்தைகளுக்கு ஒதுக்குவதிலிருந்து இவ்வேலையைத் தொடங்கலாம்.