பூட்டு முந்தியா, சாவி முந்தியா?

பூட்டு இல்லாமல் சாவி எதற்கு? சாவி இல்லாமல் பூட்டு எதற்கு? இரண்டும் ஒரே நேரத்தில் பிறந்திருக்க வேண்டும், பிறப்பித்தவன் ஒருவன் இருந்திருக்க வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. 1996-ல் மைக்கேல் பீஹி என்ற அமெரிக்கப் பேராசிரியர் இந்தப் போக்கில் ஒரு புத்தகமே எழுதினார். கேட்கட்டும்! கேள்வி கேட்பது குற்றமல்ல. விடை வந்த பிறகும் காதைப் பொத்திக்கொள்வதுதான் குற்றம்!

தோழர்களே! அந்தப் பூட்டும் சாவியும் நம் உடலுக்குள்ளேயே இருக்கின்றன. உச்சி வெயிலில் மூட்டை சுமக்கும் தோழனின் உடலிலிருந்து வியர்வையோடு உப்பும் ஒழுகுகிறது. மிச்சமுள்ள உப்பையாவது விடாதே, பிடித்துவை என்று சிறுநீரகத்துக்குச் சேதி கொண்டு போவது ஆல்டோஸ்டீரோன் என்னும் ஹார்மோன். அது சாவி. சேதியை வாங்கிக்கொள்ளும் புரதத்துக்கு ஏற்பி என்று பெயர். அது பூட்டு. நெருக்கடி நேரத்தில் சுரக்கும் கார்ட்டிசாலுக்குத் தனியே இன்னொரு ஏற்பி உண்டு.

லாம்ப்ரே என்னும் தாடையற்ற மீனிடம் இந்த வகை ஏற்பி ஒன்றே ஒன்றுதான். திருக்கை மீன் முதல் மனிதன் வரை இரண்டு! ஆதியில் இருந்த ஒரு மரபணு இரட்டித்தது, ஒன்று இரண்டாயிற்று.

அந்த ஆதி ஏற்பி எப்படி இருந்திருக்கும்? ஆரிகான் பல்கலைக் கழகத்தில் ஜோசப் தார்ன்டன், ஜேமி பிரிட்ஜம் முதலியோர் இன்றுள்ள உயிர்களின் ஏற்பிகளை ஒப்பிட்டார்கள். மூதாதையின் அமைப்பைக் கணக்கிட்டார்கள். ஏறத்தாழ 45 கோடி ஆண்டுகளுக்கு முன் இருந்த அந்தப் புரதத்தைச் சோதனைச் சாலையில் மீண்டும் உண்டாக்கினார்கள். 2006-ல் முடிவை வெளியிட்டார்கள்.

ஆல்டோஸ்டீரோனைக் கொடுத்தார்கள். பழைய பூட்டு திறந்தது! ஆனால் அந்தச் சாவியோ, நாலுகால் பிராணிகளின் காலத்தையொட்டி, கோடிக்கணக்கான ஆண்டுகள் கழித்துத் தோன்றியது. சாவி வருமுன்பே பூட்டு இருந்தது! யாருக்காக? அதே சாயல் கொண்ட பழைய ஹார்மோன்களுக்காக. புதியது வந்தது, பழைய பூட்டிலேயே பொருந்தியது.

கார்ட்டிசாலின் பூட்டு? நகல்களில் ஒன்றில் இரண்டே மாற்றங்கள் முக்கியமாயின. செரின் இருந்த இடத்தில் புரோலின். லியூசின் இருந்த இடத்தில் குளுட்டமின். லியூசின் முதலில் மாறியிருந்தால் ஏற்பி செயலற்றுப் போயிருக்கும். செரின் முதலில் மாறினால் ஒரு பழைய ஹார்மோனுக்கு அது தொடர்ந்து பணி செய்யும். அடுத்த மாற்றம் வரும்வரை தாக்குப்பிடிக்கும். ஆக, படிப்படியாக ஏற வழி இருந்தது!

இறங்க வழி உண்டா? இல்லை என்று 2009-ல் காட்டினார்கள். பிறகு நேர்ந்த வேறு மாற்றங்களால், அந்த முக்கிய மாற்றங்களை மட்டும் திருப்பி வைத்தால் ஏற்பி இயங்குவதில்லை. ஏறியபின் ஏணி விழுந்துவிட்டது!

இது நான் சொன்ன ரகமல்ல என்றார் பீஹி. சரி, ரகத்தை அவர் வகுத்துக்கொள்ளட்டும். பூட்டும் சாவியும் ஒரே நாளில் பிறக்கத் தேவையில்லை என்பது சோதனையில் தெரிந்துவிட்டதே, அதற்கு என்ன பதில் என்றுதான் கேட்கிறோம்.

"எவ்வளவு கச்சிதம்!" என்று வியப்போம். வியந்ததோடு நின்றுவிடாமல், "எப்படி வந்தது?" என்றும் கேட்போம். கேட்டவர்களுக்குத்தான் 45 கோடி ஆண்டுப் பூட்டு திறந்தது!