வெல்டிங் ஒளியும் விழியின் மேல்தோலும்

இரும்புக் கதவும் சன்னல் கம்பியும் செய்யும் சாலையோர வெல்டிங் பட்டறை இல்லாத ஊர் இன்று தமிழகத்தில் அரிது. பகல் முழுவதும் அங்கு நின்று வேலை செய்தவர் மாலையில் எந்தத் துன்பமுமின்றி வீடு திரும்புகிறார். நள்ளிரவில் கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்துகிறது, நீர் வழிகிறது, விளக்கைப் பார்க்க இயலவில்லை. தூசு விழுந்துவிட்டது என்றெண்ணிக் கண்ணைக் கசக்குகிறார். தூசு எதுவும் விழவில்லை. அது புற ஊதாக் கதிர் உண்டாக்கிய புண்.

சூரியனின் புற ஊதாக் கதிர்களில் 280 நானோமீட்டருக்கும் குறைந்த அலைநீளமுடைய 'சி' வகையை வளிமண்டலம் முற்றிலும் தடுத்துவிடுகிறது. 'பி' வகையிலும் பெரும்பகுதியை ஓசோன் படலம் நிறுத்திவிடுகிறது. வெல்டிங் ஒளிக்கும் கண்ணுக்கும் இடையே அத்தகைய திரை ஏதுமில்லை. எல்லா வகைக் கதிர்களும் ஓரடி, ஈரடித் தொலைவிலிருந்து நேராக வந்து விழுகின்றன.

அவற்றை முதலில் எதிர்கொள்வது விழிவெண்படலம். கருவிழியின் முகப்பில் கைக்கடிகாரக் கண்ணாடிபோல் கவிந்திருக்கும் இந்தத் தெளிந்த படலத்தின் தடிமன் நடுவில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். அதன் மேல்தோல் இதிலும் பத்தில் ஒரு பங்கு. ஐந்து முதல் ஏழு அடுக்குச் செல்கள். 300 நானோமீட்டருக்குக் குறைந்த கதிர்களில் பெரும்பகுதியை இப்படலமே உறிஞ்சிக்கொண்டு, உள்ளிருக்கும் வில்லையையும் விழித்திரையையும் காக்கிறது. காக்கும் வேலையில் தானே புண்படுகிறது.

கதிரை உறிஞ்சிய செல்லின் மரபணுப் பொருளும் புரதங்களும் சிதைகின்றன. ஆனால், செல் உடனே மடிவதில்லை. அது தன்னைத்தானே அழித்துக்கொண்டு உதிர்வதற்குப் பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் ஆகிறது. உதிர்ந்ததும் அடியிலுள்ள நரம்பு நுனிகள் வெளிப்படுகின்றன. உடலில் நரம்பு நுனிகள் மிக நெருக்கமாக அமைந்த இடங்களுள் இப்படலமும் ஒன்று. ஆதலால் இமை உரசும் ஒவ்வொரு முறையும் வலி. பட்டபோது சுடாத ஒன்றை யார்தான் அஞ்சுவார்?

பனிமலைகளில் ஏறுவோர்க்கும் இதே துன்பம் நேர்வதுண்டு. புதுப்பனி, தன்மீது விழும் புற ஊதாக் கதிரில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பும். ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் மக்கள் மரத்திலும் எலும்பிலும் மெல்லிய கீறல் மட்டும் விட்டுக் கண்மறைப்பு செய்து அணிந்தது இதற்காகத்தான்.

மேல்தோல் விரைந்து வளரக்கூடியது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாள்களில் புண் ஆறிவிடும். ஆனால், ஆறும்வரை பொறுக்காமல் செய்யப்படும் வைத்தியங்களே கேடாகின்றன. தாய்ப்பாலோ இலைச்சாறோ விட்டால், தோல் உரிந்த இடத்தில் கிருமி புக வழி ஏற்படும். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்து இன்னும் ஏமாற்றக்கூடியது: சில நொடிகளில் வலி மறையும், ஆனால் திரும்பத் திரும்ப விட்டால் புதிய செல்கள் வளராமல் புண் ஆழமாகி, பார்வையே பறிபோகலாம். மருத்துவர் அதைச் சோதனைக்காக ஓரிரு சொட்டு விடுவாரேயன்றி வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டார்.

ஆண்டுக்கணக்கில் கதிர் படும் கண்ணுக்கு வேறு தீங்குகளும் உண்டு. வெண்விழியிலிருந்து கருவிழியை நோக்கிச் சதை வளர்வதும் கண்புரையும் புற ஊதாக் கதிரோடு தொடர்புடையவை.

கருநிறக் கண்ணாடி எதுவானாலும் போதும் என்பது தவறான எண்ணம். வெயிலுக்கு அணியும் கண்ணாடி வெல்டிங் ஒளிக்கு ஈடுகொடுக்காது; பக்கவாட்டிலிருந்து வரும் கதிரையும் தடுக்காது. மின்வில் வேலைக்கு அதன் மின்னோட்டத்துக்கேற்ப, பொதுவாக 10 முதல் 13 வரையிலான நிழல் எண் கொண்ட கண்ணாடி பதித்த முகக்கவசம் தேவை.

அளவுமீறிய ஒளியிலிருந்து கண்ணைக் காக்கத் தடுப்புத் திரையோ கண்ணாடியோ தருவது குறித்து 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 35-ஆவது பிரிவே பேசியது. ஆனால், மின்சக்தியால் இயங்கும் இடமென்றால் குறைந்தது 10 தொழிலாளர்கள் இருந்தால்தான் அது பொதுவாகத் தொழிற்சாலை எனக் கொள்ளப்பட்டது. இருவரோ மூவரோ வேலை செய்யும் பட்டறை அந்தக் கணக்கில் வரவில்லை. அங்கே பற்றவைப்பவர் கையிலாவது ஒரு மறைப்பு இருக்கிறது. கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிரே நிற்கும் உதவியாளச் சிறுவனுக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வது ஒன்றே பாதுகாப்பு.