வாவியின் இரு கரைகள்: பேரிடரும் மீளெழுச்சியும்

பேரிடரால் வீழ்ந்த ஊர் மீண்டும் எழுவது எங்ஙனம் என்பது, மனிதர் கூடி வாழத் தொடங்கிய காலந்தொட்டு எழுந்துவரும் வினாவாகும். 1755ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் போர்த்துக்கல் நாட்டின் தலைநகராகிய லிஸ்பன், நிலநடுக்கத்தாலும் கடற்கோளாலும் தீயாலும் அழிந்தது. அந்நாட்டு அமைச்சர் பொம்பால் இடிபாடுகளை அகற்றுவித்து, அகன்ற நேர்வீதிகளையும், அதிர்வைத் தாங்கும் மரச்சட்டகம் உள்ளமைந்த கட்டடங்களையும் எழுப்பச் செய்தார். அன்றியும், நடுக்கம் எவ்வளவு நேரம் நீடித்தது, கடல் எவ்வாறு இருந்தது, எத்தனை பேர் மாண்டனர் என ஊர்தோறும் வினாக்கள் அனுப்பி விடை பெற்றார். கட்டுதற்கு முன் கேட்டறிதல் வேண்டும் என்பதே இச்செயல் உணர்த்தும் பாடமாகும்.

ஈழத்தின் கீழ்க்கரை இத்தகைய சோதனையை 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை எதிர்கொண்டது. மட்டக்களப்பிலிருந்து ஏறக்குறைய 1,600 கிலோமீற்றர் தொலைவில், சுமாத்திராத் தீவின் மேற்கே கடலடியில் நிலம் பிளந்தது. இந்நாட்டில் ஒரு சுவரையும் வீழ்த்தாத அந்நடுக்கம், ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பேரலையாக வந்து சேர்ந்தது. இலங்கையில் 35,000 பேருக்கு மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போயினர். கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் நாவலடி ஏறக்குறைய முற்றாக அழிந்தது. கல்லடித் திருச்செந்தூர் முருகன் ஆலயத்தின் கோபுரம் சாய்ந்தது. மாண்டோருள் பெண்களும் சிறுவருமே மிகுதியாவர்.

மட்டக்களப்பு வாவி அப்பகுதியை இரண்டாகப் பிரிக்கின்றது. ஞாயிறு எழும் திசையிலுள்ள கடற்புறம் எழுவான்கரை. ஞாயிறு படும் திசையிலுள்ள வயற்புறம் படுவான்கரை. தான்தோன்றீச்சரர் ஆலயத்தால் புகழ்பெற்ற கொக்கட்டிச்சோலை படுவான்கரையைச் சார்ந்தது. 2004இல் அலையின் வேகத்தை எழுவான்கரையே தாங்கிற்று. இடையே வாவி கிடந்தமையால் படுவான்கரை தப்பிற்று. ஆயின் 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் இரவு வீசிய சூறாவளியோ இரு கரையையும் வேறுபாடின்றித் தாக்கிற்று. ஏறக்குறைய ஆயிரம் உயிர்கள் மாண்டன. மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்னந்தோட்டங்களுட் பெரும்பகுதி வீழ்ந்தது. இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒப்பு நோக்கின், மீளெழுச்சியின் இயல்பு தெளிவாகும்.

முதலாவதாக, அழிந்தவை யாவும் ஒரே காலத்தில் மீள்வதில்லை. கூரையைச் சில கிழமைகளில் வேயலாம். தோணியைச் சில மாதங்களில் பெறலாம். நெல்லை அடுத்த போகத்தில் விளைவிக்கலாம். ஆனால் நட்ட தென்னம்பிள்ளை காய்ப்பதற்கு ஆறேழு ஆண்டுகள் செல்லும். தென்னையை நம்பி வாழ்ந்த குடும்பத்திற்குச் சூறாவளி ஓர் இரவின் துன்பமன்று. பல்லாண்டு வருவாயின் இழப்பாகும். நிவாரணமோ பெரும்பாலும் முதலாண்டுடன் முடிவடைகின்றது. துயரின் காலத்திற்கும் உதவியின் காலத்திற்கும் உள்ள இவ்விடைவெளியே பலரைக் கடனாளியாக்குகின்றது.

இரண்டாவதாக, நல்லெண்ணமும் அறிவோடு கூடியதாதல் வேண்டும். இதற்குக் கிணறுகளே சான்று. கரையோர மணலில் மழைநீர், நிலத்தடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கின்றது. கடல்நீர் புகுந்த கிணறுகளைத் தூய்மை செய்யக் கருதிப் பலர் பொறிகளால் மீண்டும் மீண்டும் நீரை இறைத்தனர். அளவுக்கு மிஞ்சி இறைத்த இடங்களில் நன்னீர்ப்படை அருகி, அடியிலிருந்த உவர் மேலெழுந்தது. மாரிமழை பெய்து உப்பைக் கழுவிய பின்னரே கிணறுகள் படிப்படியாகத் தேறின. விரைவு எல்லாவிடத்தும் நன்மை பயவாது என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

மூன்றாவதாக, வீடு என்பது சுவரும் கூரையும் மட்டுமன்று. பேரலையின்பின் வடக்குக் கிழக்குக் கரைகளில் 200 மீற்றருக்குள்ளும், ஏனைய கரைகளில் 100 மீற்றருக்குள்ளும் வீடு கட்டலாகாதென அரசு விதித்தது. பின்னர் இவ்விதி தளர்த்தப்பட்டது. நாவலடி மக்கள் பலர் திராய்மடுவிற் குடியமர்த்தப்பெற்றனர். உயிர்க்காப்பு நோக்கில் இது பொருத்தமே. எனினும், கடலைப் பார்த்தே தொழிலுக்குச் செல்லும் நேரத்தைத் தீர்மானிப்பவன் மீனவன். அவன் தோணியும் வலையும் ஓரிடத்திலும், அவன் உறங்குமிடம் வேறோரிடத்திலுமாயின், வீடு கிடைத்தும் வாழ்வு கிடைக்கவில்லை என்றே கொள்ளல் வேண்டும்.

இதனினும் நுண்ணியதொரு குறையும் உண்டு. மட்டக்களப்புத் தமிழரிடையே தாய்வழிக் குடிமுறை நெடுங்காலமாக நிலவுகின்றது. மகளுக்கு மணம் நிகழும்போது வீடும் வளவும் சீதனமாக அவளுக்கே உரியவாகும். மணமகன் அவ்வீட்டிற்கு வந்து வாழ்வான். சகோதரியர் அயல்வளவுகளில் வாழ்தலால் பிள்ளை வளர்ப்பும் நோயாளர் பேணலும் எளிதாயின. புதிய குடியிருப்புகளிலோ, குடும்பத் தலைவன் என்ற பெயரில் ஆணுக்கே உறுதி எழுதும் வழக்கம் பல இடங்களிற் புகுந்தது. இதனால் பெண் தன் மரபுரிமையை இழக்கும் நிலை தோன்றிற்று; உறவினர் அயலும் சிதறிற்று. அலை கொண்டு சென்ற வீட்டைத் திருப்பித் தருங்கால், அவ்வீடு யாருடையதாய் இருந்தது எனக் கேளாமை பெருங்குறையேயாம். 2001ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் நிகழ்ந்த நிலநடுக்கத்தின்பின், இந்தியாவின் குசராத்து மாநிலத்தில் பெரும்பாலான குடும்பங்கள் பண உதவியும் தொழில்நுட்ப அறிவுரையும் பெற்றுத் தத்தம் வீட்டைத் தாமே கட்டிக்கொண்டன. வீட்டின் அமைப்பையும் அயலையும் வாழ்வோரே தெரிந்துகொள்ள அம்முறை இடந்தந்தது.

நான்காவதாக, ஒரு கரையின் மீட்சி மறுகரையையும் பொறுத்ததாகும். எழுவான்கரையின் மீனும் படுவான்கரையின் நெல்லும் பாலும் வாவியைக் கடந்து மாறி வந்தவை; மணவுறவும் அவ்வழியே சென்றது. பேரலை நிகழ்ந்த காலத்திலோ போரின் எல்லையும் அவ்வாவியின் வழியே கிடந்தது. இடரைத் தாங்கிய மக்கள் ஒருவராயினும், உதவி செல்லும் பாதை சோதனைச் சாவடிகளாற் பிளவுண்டது. 2007ஆம் ஆண்டின் முற்பகுதியில் போர் மூண்டபோது படுவான்கரை மக்கள் பல்லாயிரவர் எழுவான்கரைக்கு இடம்பெயர்ந்து கூடாரங்களில் வாழ்ந்தனர். அலையால் வீடிழந்தோர் முற்றும் தேறுமுன்னரே, போரால் வீடிழந்தோர் அவர்தம் அயலாராயினர். 2014ஆம் ஆண்டு மண்முனைத் துறையிற் பாலம் திறக்கப்பட்டது. ஓடப்பாதையை நம்பியிருந்த கொக்கட்டிச்சோலைப் பகுதி மக்களுக்கு மறுகரையின் வைத்தியசாலையும் சந்தையும் அணுகின. இடர் நேருங்காலத்தும் அப்பாலம் இரு கரையாருக்கும் உயிர்வழியாகும்.

ஆகவே, மீளெழுச்சியைக் கட்டிய வீடுகளின் தொகையால் மட்டும் அளத்தல் போதாது. மீனவன் கடலுக்குச் செல்கின்றானா, கிணற்றுநீர் குடிக்கத் தக்கதா, நட்ட தென்னை காய்த்ததா, மகளுக்குக் கொடுக்கத் தாயிடம் வளவு உண்டா என்பனவே உரிய அளவுகோல்கள். இவற்றுக்கு விடையளிக்க வல்லார் அவ்வூர் மக்களேயாவர். அவர்களைக் கேட்டுச் செய்யும் உதவியே நிலைபெறும்.