ஏ.ஸி. பிறகு, வயரிங் முதலில்

பழைய வண்டியைப் புதுப்பிக்கும் ஆசை பலருக்கு வருகிறது. தகப்பனார் ஓட்டியது, முதல் சம்பாத்தியத்தில் வாங்கியது என்று ஒவ்வொரு வண்டிக்கும் பின்னால் ஒரு பற்று இருக்கும். பெயின்ட் அடிப்பார்கள், ஸீட் தைப்பார்கள், கடைசியில் புது ஏ.ஸி.யும் போடுவார்கள். ஆனால் டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் வயரிங்கை மட்டும் பெரும்பாலும் யாரும் தொடுவதில்லை. வண்டி தீப்பிடித்து எரிவதற்கு வழி வகுப்பது அதுதான்.

நம் சங்கத்து நண்பர் ஒருவர் சென்ற கோடையில் என் யோசனையைக் கேட்டார். 1989-ல் அவர் தகப்பனார் வாங்கிய டீசல் பிக்கப் வண்டி அது. சங்கத்துப் பொங்கல் விழாக்களுக்கு அண்டா குண்டாக்களைச் சுமந்த வண்டி என்பதால், பழைய அங்கத்தினர் பலருக்கும் நினைவிருக்கும். பெரியவர் காலமான பின் ஷெட்டிலேயே கிடந்தது. அதைச் சரிசெய்து, எண்பதை நெருங்கும் தாயாரை ராம்டெக் கோயிலுக்கு அழைத்துப் போக வேண்டும் என்பது மகனின் ஆசை. நாக்பூரின் மே மாத வெயில் 45 டிகிரியைத் தொடும், வயதானவர்களை ஏ.ஸி. இல்லாமல் கூட்டிப்போக முடியாது.

வண்டியில் 1993-ல் ஒரு கடையில் போட்ட பழைய ஏ.ஸி. இருந்தது. அது நின்று வருஷக் கணக்காயிற்று. "கம்ப்ரெஸரும் காயிலும் மாற்றினால் இரண்டே நாள் வேலை. வயரிங் இருப்பதே போதும்" என்றார் மெக்கானிக். டேஷ்போர்டைக் கழற்றிப் பார்ப்போம் என்றேன். உள்ளே ஒயர்களின் மேலுறை அப்பளம் போல் நொறுங்கியது. ஏ.ஸி. ப்ளோயருக்கு ஹெட்லைட் ஸ்விட்சிலிருந்து ஒயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். ப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் மடித்த செம்புக் கம்பி!

இதன் அபாயத்தைச் சிறு கணக்கில் பார்க்கலாம். ப்ளோயர் முழு வேகத்தில் சுமார் 15 ஆம்பியர் எடுக்கும். முறுக்கிய இணைப்பு தளர்ந்து அங்கே 0.1 ஓம் தடை ஏற்பட்டது என்று வைத்துக்கொள்வோம். மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் 22.5 வாட். நம் வீட்டுச் சிறிய சாலிடரிங் அயர்ன் 25 வாட்தான். அதைச் சூடாக்கி, டேஷ்போர்டுக்குள் பிளாஸ்டிக்குக்கும் ரெக்ஸினுக்கும் நடுவே செருகி வைத்துவிட்டு வண்டி ஓட்டுவோமா? இதில் இன்னொரு சங்கடம், 15 ஆம்பியர் என்பது வழக்கமான ஓட்டம்தான் என்பதால் ப்யூஸ் போகாது. சரியான ப்யூஸ் இருந்தாலும் தளர்ந்த இணைப்பிலிருந்து அது காப்பாற்றாது. ப்யூஸ் இருப்பது ஒயரைக் காப்பாற்ற. இணைப்பைக் காப்பாற்றுவது வேலை செய்பவனின் கைத்திறன்.

அடுத்தது மொத்த லோடு. ஹெட்லைட் இரண்டும் 60 வாட் வீதம் 10 ஆம்பியர், மற்ற விளக்குகள் 3, வைப்பர் 4, ப்ளோயர் 15, கண்டென்ஸர் விசிறி 10, கம்ப்ரெஸர் கிளட்ச் 4. மழை நாள் இரவில் எல்லாம் சேர்ந்தால் 46 ஆம்பியர். எங்கள் வண்டியின் பழைய ஆல்டர்னேட்டர் அதற்குக் காணாது. மேலும், எஞ்சின் ஐட்லிங்கில் நிற்கும்போது ஆல்டர்னேட்டர் தன் முழு அளவைத் தராது. ஆகவே 65 ஆம்பியருக்குக் குறையாமல் புதிதாகப் போட்டோம். பாட்டரிக்குப் போகும் கேபிளையும் அதற்கேற்பத் தடிமனாக்கினோம்.

வயரிங் வேலையைத் தொடங்குமுன் பாட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவிட வேண்டும். பிறகு காகிதத்தில் படம் வரைய வேண்டும். படம் இல்லாமல் ஒரு ஒயரும் இழுக்கக் கூடாது. ப்ளோயருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரை 4 மீட்டர் இழுத்தால் 0.7 வோல்ட் வழியிலேயே வீணாகும். 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.26 வோல்ட்தான், ஒயரும் சூடாகாது. ப்ளோயர், விசிறி, ஹெட்லைட் மூன்றுக்கும் தனித்தனி ரிலே வைத்தோம். டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியாக ரிலே காயிலுக்கான சொற்ப மின்சாரம் மட்டுமே போகும். ப்யூஸ் பாட்டரிக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ப்யூஸுக்கு முன்னால் உள்ள ஒயருக்குப் பாதுகாப்பே கிடையாது. தகட்டில் துளை வழியாக ஒயர் போகும் இடத்திலெல்லாம் ரப்பர் வளையம் அவசியம். இணைப்புகளுக்கு நல்ல கருவியால் கிரிம்ப் செய்த லக்குகளே மேல். வெறும் ஈயம் வைத்துச் சாலிடர் செய்தால் ஒயர் அந்த இடத்தில் விறைத்து, அதிர்வில் நாளடைவில் முறிந்துபோகும்.

எர்த் விஷயத்திலும் கவனம் வேண்டும். நான் வேலை பார்த்த ரயில் பெட்டிகளின் 110 வோல்ட் வயரிங்கில் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டுக்கும் தனி ஒயர் உண்டு. பெட்டியின் உடலை மின்சாரம் திரும்பும் பாதையாக வைப்பதில்லை. மோட்டார் வண்டியில் பாடியே நெகட்டிவ். துருப்பிடித்த தகட்டில் எர்த் போல்ட் இருந்தால் புது ஒயர் போட்டும் பயனில்லை. துருவைச் சுரண்டி, பாட்டரி, எஞ்சின், பாடி மூன்றையும் பட்டைக் கேபிளால் இணைத்தோம்.

இதெல்லாம் முடிந்த பின்தான் ஏ.ஸி. பழையதில் இருந்தது ஆர்-12 வாயு. 1928-ல் தாமஸ் மிட்ஜ்லி குழுவினர் உருவாக்கியது. எரியாது, விஷமில்லை என்று உலகமே கொண்டாடியது. இந்த வகை வாயுக்கள் ஓஸோன் படலத்தை அரிக்கும் என்று 1974-ல் மொலினாவும் ரோலண்டும் எச்சரித்தார்கள். 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது; 1992-ல் இந்தியாவும் சேர்ந்தது; 2008-ல் இங்கே அவற்றின் உற்பத்தி நின்றது. ஆகவே ஆர்-134ஏ வாயுவுக்கு மாற வேண்டியதாயிற்று.

வாயுவை மட்டும் மாற்றினால் போதாது. ஆர்-12க்கு ஊற்றிய மினரல் ஆயிலுடன் ஆர்-134ஏ கலக்காது. ஆயில் கம்ப்ரெஸருக்குத் திரும்பி வராமல் அது இறுகிப்போகும். புது கம்ப்ரெஸரில் அதற்குரிய ஆயில், உள்ளே நைலான் படலம் கொண்ட ஹோஸ், புது ரப்பர் வளையங்கள், புது டிரையர் எல்லாம் வேண்டும். பழைய ரப்பர் ஹோஸ் வழியே ஆர்-134ஏ மெல்லக் கசியும். நைட்ரஜன் ஏற்றிக் கசிவு பார்த்து, வாக்குவம் பம்பை அரைமணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டி ஈரத்தை வெளியேற்றிய பிறகே வாயு ஏற்றினோம். வாயு குறைந்தாலோ அழுத்தம் எல்லை மீறினாலோ கிளட்சை நிறுத்தும் பிரஷர் ஸ்விட்ச் ஒன்றும் வைத்தோம். மலிவு என்று எரியக்கூடிய வாயுக் கலவையை யாராவது ஏற்றச் சொன்னால் இணங்காதீர்கள். பழைய வயரிங் உள்ள வண்டியில் அது நெருப்புக்கு எண்ணெய் வார்ப்பதாகும்.

இரண்டு நாள் என்ற வேலை மூன்று வாரம் ஆயிற்று. செலவில் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத வயரிங்குக்கே போயிற்று. நண்பர் முகம் வாடியது உண்மை. "உங்கள் அம்மா அந்த ஸீட்டில்தானே உட்காரப் போகிறார்?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் செலவைப் பற்றிப் பேசவில்லை. ராம்டெக் போய் வரும் வழியெல்லாம் அம்மையார் உள்ளே சௌகரியமாக உறங்கினாராம்.

பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. வேலை முடிந்ததும் வயரிங் படத்தைச் சுத்தமாக வரைந்து, ஒயர் நிறம், தடிமன், ப்யூஸ் அளவு மூன்றையும் குறித்து, லாமினேட் செய்து வண்டியிலேயே வையுங்கள். பத்து வருடம் கழித்து டேஷ்போர்டைத் திறப்பவர் யாராக இருந்தாலும், இருட்டில் தடவி மறுபடி ஒரு ஒயரை முறுக்கிவிட்டுப் போகாமலிருக்க அந்த ஒரு காகிதம் உதவும்.