425 கோடியைக் காணோம்!

4294967297. ஒரே மூச்சில் வாசிக்க முடிகிறதா? 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. இந்த எண்ணோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மல்லுக்கட்டினேன்.

இது பிறந்த கதை சுலபம். 2-இன் வர்க்கம் 4. 4-இன் வர்க்கம் 16. அப்படியே 256, 65536, 4294967296. ஒவ்வொன்றோடும் 1 கூட்டுங்கள். 3, 5, 17, 257, 65537, ஆறாவதாக நம்ம எண். முதல் ஐந்தும் பகா எண்கள். பிரான்ஸ் நாட்டுக் கணித மேதை பெர்மா, இந்த வரிசை எவ்வளவு நீண்டாலும் பகா எண்தான் வரும் என்று 1640-இல் எழுதினார். நிரூபணம் தம்மிடம் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார்.

1732-இல், 25 வயது ஆய்லர், "ஆறாவது எண் 641-ஆல் மீதியின்றி வகுபடும்" என்று காட்டிவிட்டார்!

எங்க கணக்கு சார் இதைச் சொன்னதும், "நான் வகுத்துப் பாக்கறேன் சார்" என்று வாயை விட்டுவிட்டேன். வீட்டுக் கால்குலேட்டரில் 8 இலக்கத்துக்கு மேல் ஏறவில்லை. சரி, கையாலேயே போடுவோம் என்று உட்கார்ந்தேன். மீதி 0, ஈவு 67417. ஒரே சந்தோஷம்! சரிபார்க்கத் திருப்பிப் பெருக்கினால் 43214297 வருகிறது. கடைசி 297 மட்டும் அழகாக நிற்கிறது, 425 கோடியைக் காணோம்! ஒருவேளை ஆய்லர்தான் தப்போ என்றுகூட நினைத்தேன்.

தப்பு என்னுடையது. 4489-இல் 641 ஏழு முறை போக மீதி 2. அடுத்த 6-ஐ இறக்கினால் 26, 7-ஐ இறக்கினால் 267. இரண்டிலும் 641 போகாது, ஈவில் இரண்டு 0 போட வேண்டும். நான் போடவில்லை. நாலாம் வகுப்புத் தப்பு! சரியான ஈவு 6700417. அதுவும் பகா எண்தான்.

641-ஐ எப்படிப் பிடிப்பது? இந்த எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணையும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தே தீரும் என்று ஆய்லர் பின்னாளில் நிரூபித்தார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641... ஐந்தாவது முயற்சியிலேயே ஆள் சிக்கிவிடும்! வேடிக்கை என்னவென்றால், அந்த நிரூபணத்துக்கு அடிப்படையே பெர்மா சொன்ன இன்னொரு தேற்றம்தான். 2, 3, 5 என்று வரிசையாக வகுத்துப் போயிருந்தால்கூட 641 என்பது 116-ஆவது பகா எண்தான். பெர்மா ஏன் அதுவரை போகவில்லை? அதுதான் எனக்குப் புரியவே இல்லை.

இந்த வரிசையில் ஆறாவதாக ஒரு பகா எண்ணை இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஏழாவது எண் 18446744073709551617. சதுரங்கக் கட்டத்தில் தானியம் வைக்கும் கதையில் வரும் மொத்தத்தைவிட 2 அதிகம். இதை 274177 மீதியின்றி வகுக்கும். தைரியம் உள்ளவர்கள் வகுத்து, ஈவை வெள்ளிக்கிழமைக்குள் என்னிடம் கொடுங்கள். இதிலும் நடுவில் 0 வருகிறது, ஜாக்கிரதை!

- 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்