பூவே தராத பூ வாசனை

லைலாக் வாசனைத் திரவியம் வாங்கியிருக்கிறீர்களா? அதில் பெரும்பாலும் லைலாக் பூவின் ஒரு சொட்டுகூட இருக்காது. மல்லிகையைப்போல அது தன் மணத்தை எளிதில் விட்டுத் தராது. டெர்பினியால் போன்ற பொருள்களைக் கலந்துதான் அந்த வசந்தகால வாசனையை உருவாக்குகிறார்கள். ஒலிவியா ஜியாகோபெட்டி 2000-இல் படைத்த 'ஆன் பசான்' அந்த வகையில் பேர்பெற்றது.

நம் கேமரன் மலையில் லைலாக் வராது. அதற்கு உறையும் குளிர்காலம் வேண்டும். சுற்றுப்பயணிகள் லாவெண்டர் சோப்பு வாங்கித் திரும்புகிறார்கள். லாவெண்டருக்கு மணம் தரும் லினலூல் தேயிலையிலும் உண்டு. கொழுந்தை வாட்டி உருட்டும்போது வெளிப்படும். (வானொலியில் இதை எப்படி முகரக் கொடுப்பது!)

என்னைக் கேட்டால், நம் பாட்டிமார் கூடை சுமந்து பறித்த அந்தக் கொழுந்தின் மணத்தைத்தான் போத்தலில் அடைக்க வேண்டும். அடுத்தமுறை போனால், சோப்புக் கடைக்கு முன் தேயிலைத் தொழிற்சாலைக்குள் நுழையுங்கள்.